அம்மிணியின் விளையாட்டுச் சாமான்கள்

சித்தெ அக்கட்டால நகுந்து உக்காருங்கண்ணா. பொட்டிய மடியில வெச்சுக்கறேன், உங்களுக்கு இடிக்காது. பயப்படாதீங்க, பாம்பு கீம்பு இல்லை, பூனைக்குட்டிதான். கம்பெனி பனியன் பொட்டி, நாலு பக்கமும் ஓட்டை போட்டிருக்கேன், காத்து போகும். கண்டக்டர் பாத்தா எறக்கி உட்டுருவானோன்னு துண்டைப் போத்தியிருக்கேன். நீங்க எதுவரைக்குமுங்க? மேட்டூரா? அப்பச் செரி. நான் பவானி. இந்த வண்டி போற போக்குக்கு ரெண்டு மணி நேரம் ஆகும்.

எங்கூட்டுக்காரியக் கூட்டியாறப் போறனுங்க. ஆடி முடியறதுக்கு மிந்தி பொறந்த ஊட்டுக்குப் போனவ, இன்னிக்குப் பொரட்டாசி பாதி ஆச்சு. இப்படிப் போறப்ப மனுசன் தனியாப் போகக் கூடாது, கூட ஆராச்சும் ரெண்டு பேர் வந்து பேசோணும், அதான் மொறை. எங்க பக்கத்துல ஒருத்தரும் வல்லை. எங்கம்மா வரமாட்டேன்னுட்டாங்க. சித்தப்பா முட்டிவலின்னுட்டாரு. பங்காளி ஒருத்தன் சிரிச்சே போட்டான், பூனை செத்ததுக்குப் போயிட்டாளா, அதுக்கா பஞ்சாயத்துன்னு.

ஆமாங்கண்ணா. பூனை செத்ததுக்குத்தான். பத்து வருசம் கூட வாழ்ந்த நான் ஒரு பக்கம், ரெண்டு வருசம் வளத்த பூனை ஒரு பக்கம். ஆரு பெருசுன்னு நீங்களே சொல்லுங்க. இருங்க, இப்பவே சொல்லாதீங்க. முழுசாக் கேட்டுப்போட்டுச் சொல்லுங்க.

என் பேரு சென்னியப்பன். திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனில செக்கிங் சூப்பர்வைசர். ஒரு தையல் உட்டுப் போயிருந்தாலும் என் கண்ணுக்குத் தப்பாது. அவ பேரு கோகிலவாணி. அவளும் அங்க ஓவர்லாக் மிசின் ஓட்டிட்டிருந்தவதான், அப்படித்தான் பழக்கம். கண்ணாலம் ஆனதும் நிறுத்திப்போட்டேன். ஒரு ஊட்டுல ஒருத்தன் அந்தப் பஞ்சுத் தூசியத் தின்னாப் போதாதுங்களா? ராணி மாதிரி ஊட்டுல இருன்னேன். மூணாவது மாடில ஊடு. சன்னலெல்லாம் கம்பி, தண்ணி பைப்புலயே வரும், மளிகைச் சாமான் நானே வாங்கியாந்துருவேன். அவளுக்குப் படியெறங்க வேண்டிய அவசியமே வெக்கலைங்க நான்.

கொழந்தை இல்லைங்க. அதைக் கேப்பீங்கன்னு தெரியும், எல்லாரும் கேக்கறதுதான். டாக்டர் ரெண்டு பேரும் வாங்கன்னாங்க. எங்க வம்சத்துல அப்படியொரு கொறை ஆருக்குமில்லை, நான் எதுக்கு வரோணும்? அவளைப் பாத்தாங்க, ஒண்ணுமில்லைன்னாங்க. ஒண்ணுமில்லீனாச் செரி, கடவுள் குடுக்கறப்பக் குடுக்கட்டும்னு உட்டுப்போட்டேன். அதையும் இதையும் சொல்லி அவளை ஒரு நாள் ஒரு சொல் வஞ்சிருப்பனா? கேட்டுப் பாருங்க, பவானில நீங்களும் எறங்குனீங்கன்னா அவளையே கேக்கலாம்.

காலைல எட்டு மணிக்குப் போனா, பொழுதோட வரமுடியாது, ஒம்பதாயிரும். தனியா இருக்கற பொம்பளை, அதனால வெளிய பூட்டிட்டுப் போறது. மொதல்ல அவகிட்டயும் ஒரு சாவி இருந்துச்சுங்க. தொலைச்சுப்போட்டா. இன்னொண்ணு போட்டுக் குடுக்கோணும், குடுக்கோணும்னு நெனச்சே நாலஞ்சு வருசம் ஓடிப் போச்சு.

அப்பறம் ஒரு நாளு, கம்பெனில மிச்ச வெட்டுத்துணி கொட்டி வெச்சிருக்கற குடோன்ல ஒரு பூனை குட்டி போட்டுச்சு. அதுல ஒண்ணு சாம்பக் கலரு. நாந்தான் மடியில கட்டியாந்தேன். அதையும் ஞாபகம் வெச்சுக்கங்க, அந்தப் பூனையக் கொண்டாந்ததே நாந்தான். கோகிலா அதைக் கையில வாங்கி முந்தானைல பொதிஞ்சு வெச்சுக்கிட்டா. பொறவு 'அம்மிணி'ன்னா. அதுவே பேராப் போச்சு. எங்க பக்கம் பொண்ணு கொழந்தையத்தான் அப்படிக் கூப்பிடுவோம். பூனைக்கு என்னத்துக்கு அந்தப் பேருன்னு எனக்கு ஒரு மாதிரி இருந்துச்சு, செரி போகுதுன்னு உட்டேன்.

ஆறு மாசம் நல்லா இருந்துச்சுங்க. அப்பறம் ஆரமிச்சுது. சன்னல் சீலையக் கிழிக்கறது, பீரோ மேல ஏறிச் சாமானத் தள்ளறது. நான் செருப்புப் போடப் போனாக் குதிகால்ல கடிக்கும். கதவுகிட்டப் போய் உக்காந்து கத்தும் பாருங்க, பூட்டைப் பாத்துட்டே கத்தும். எங்கியாச்சும் கொண்டி உட்டுரலாமான்னேன். அவ சொன்னா, "அதுக்குச் சேட்டை இல்லீங்க, பொழுது போகலை. வெளிய போக முடியாத உசுருக்கு வெளையாட்டாச்சும் வேணுமில்லீங்களா"ன்னு.

அதுல ஒரு ஞாயம் இருந்துச்சு. எனக்கு மனசு கேக்கலைங்க. வாயில்லாத சீவன், நாள் பூரா நாலு செவுத்துக்குள்ள, பாக்கறதுக்கு ஒரு முகம், கேக்கறதுக்கு ஒரு சத்தம் இல்லாம இருந்தா என்ன ஆகும்? படிச்சேனுங்க. மத்தியானச் சோத்து வேளைல போனுல பாப்பேன். உள்ளயே அடைஞ்சு கெடக்கற பூனைக்கு ஏக்கம் புடிச்சுக்குமாம். சாப்பிடாதாம், ஓரமாப் போய்ச் செவுத்தைப் பாத்துப் படுத்துக்குமாம். தன் மயித்தைத் தானே நக்கி நக்கி வழுக்கை ஆக்கிக்குமாம். தினம் காலைல கால் மணி நேரம், பொழுதோட கால் மணி நேரம் ஒக்காந்து வெளையாடோணுமாம். கம்பெனியில எனக்குப் பேரே வெச்சுப்போட்டாங்க, பூனை சூப்பர்வைசர்னு. நான் கண்டுக்கலை.

மொதல்ல மணி வெச்ச பந்து வாங்குனேன். ஒரே அடி, பீரோவுக்கு அடியில போச்சு, இன்னும் அங்கதான் கெடக்குது. அப்பறம் சாவி குடுத்தா ஓடற எலி. அது ஓடிச்சு, இது ஒரு தாட்டி மோந்து பாத்துட்டுக் கொட்டாவி உட்டுது. சாக்ஸுக்குள்ள வெட்டுத்துணிய அடைச்சு, எலாஸ்டிக் வெச்சு, மிசின்ல நானே தெச்சு ஒரு மீனு பண்ணுனேன். மீனுக்குக் கண்ணெல்லாம் வெச்சனுங்க, பித்தான்ல. அம்மிணி அதும்மேல படுத்துத் தூங்குச்சு. மாத்தி மாத்தி அட்டைப்பொட்டி கொண்டாந்தேன், உள்ள பூந்துக்கும், ரெண்டாம் நாள் அதுவும் சலிச்சுப் போயிரும்.

செவப்பு லைட்டு ஒண்ணு, சாவிக்கொத்துல தொங்குமே, செவுத்துல அடிச்சாப் புள்ளியா விழுமே, அது. அதுக்குத்தான் அம்மிணி துள்ளிச்சு. செவுத்துல ஏறுது, உருளுது, மூச்சு வாங்குது. எனக்கு ஒரே சந்தோசம். மூணு நாள் அடிச்சேன். அப்பறம் பாத்தா, லைட்டை அணைச்ச பொறவும் அந்தச் செவுத்தையே பாத்துட்டு ஒக்காந்திருக்குது. சோத்தை வெச்சா வல்லை. கோகிலா அதை எங்கையில இருந்து வாங்கி எடுத்து வெச்சுப்போட்டா. "புடிக்க முடியாத ஒண்ணக் காட்டிக் காட்டி ஓட உடாதீங்க, பாவமுங்க"ன்னா. எனக்குப் பொக்குன்னு போச்சு. இவ்வளவு பாடுபடறேன், அதையும் குத்தம்னா?

கடைசியாக் கோழி இறகு. குச்சி நுனியில நூலக் கட்டி, நூலு நுனியில இறகு. நைலான் நூலு, கம்பெனிக் கோன்ல இருந்து எடுத்தது, அத்து வராது. இதா, இந்தப் பொட்டிக்குள்ளகூட அந்தக் குச்சி இருக்குது. குட்டி தனியாப் பயப்படக் கூடாதுன்னு எல்லாச் சாமானத்தையும் உள்ளயே போட்டிருக்கேன். மீனு, எலி, இறகு, எல்லாம்.

எத்தனை கொண்டாந்து என்னங்க? நான் கையில எடுத்தா அது எந்திரிச்சே வராது. அவ வெறுங்கையோட உக்காந்தாலே ஓடியாரும். தண்ணி பாட்டில் மூடி ஒண்ணுதான் அவ போடுவா, அதைத் தள்ளிட்டு ஊடு பூரா ஓடும். அதைவிடப் புடிச்சது என்ன தெரியுங்களா? அவ குனிஞ்சு கூட்டறப்பக் கழுத்துல இருந்து தாலிக்கயிறு முன்னால தொங்குமில்லீங்க? அம்மிணி பின்னங்கால்ல நின்னுட்டு அதைத் தட்டும். தட்டும், பதுங்கும், மறுக்காவும் தட்டும். கோகிலா சிரிப்பா. அவ சத்தமாச் சிரிச்சு நான் கேட்டதே அப்பத்தானுங்க. ஞாயித்துக்கெழமை நான் கட்டல்ல படுத்துட்டுப் பாத்துட்டே இருப்பேன். நான் பாக்கறது தெரிஞ்சா ரெண்டும் நிறுத்திப்போடும்.

இங்கதான் நீங்க ஒண்ணு புரிஞ்சுக்கோணும். எனக்கு இது நாப்பத்திரெண்டாவது வருசம். காங்கேயத்துல எங்க ஜோசியர் நான் சின்னப்பையனா இருக்கறப்பவே எழுதி வெச்சுட்டாரு, நாப்பத்திரெண்டுல கண்டம், தண்ணியாலயோ கயித்தாலயோன்னு. தாண்டுனா எம்பது வரைக்கும் ஆயுசாம். சித்திரை பொறந்தாத்தான் தாண்டும். அதுவரைக்கும் சம்சாரத்துக் கழுத்துல கெடக்கற கயிறுதான் காவல்னு எங்கம்மா தினம் போன் பண்ணிச் சொல்லுவாங்க. அந்தக் கயித்துல போய்ப் பூனை வாய வெச்சா எனக்கு எப்படி இருக்கும்? கோகிலாகிட்டச் சொன்னேன். அவ கயித்தை ரவிக்கைக்குள்ள சொருகிக்கிட்டா. அப்பறம் ஊட்டுல சிரிப்புச் சத்தமும் இல்லை. என்ன பண்றது, உசுரு முக்கியமில்லீங்களா?

வருசா வருசம் ஆடிப் பதினெட்டுக்குப் பவானி போயிருவோம். கூடுதுறையில முழுகிட்டு, அவங்கம்மா கையால புதுக் கயிறு மாத்திக்குவா, பழசை ஆத்துல உட்டுருவா. பதினெட்டு நோம்பி அவளுக்கு அவ்வளவு முக்கியம், ஒரு மாசம் மிந்தியே துணி எடுத்து வெப்பா. இந்த வருசம் வேண்டாம்னுட்டேன். கண்டம் தண்ணியாலன்னு எழுதியிருக்கறப்ப ஆத்துக்குப் போவனா? தனியாவும் அனுப்ப முடியாது. அவ எடுத்து வெச்ச துணிய மடிச்சு உள்ள வெச்சா. ஊட்டுலயே கொடத்துல தண்ணி வெச்சு, மஞ்சளப் போட்டு, பூவைப் போட்டு, அதையே காவேரின்னு கும்பிட்டுட்டுப் புதுக் கயிறு மாத்துனோம். நானே மூணு முடிச்சும் போட்டேன். பழசை என்ன பண்றது? சாயத் தண்ணி ஓடற நொய்யல் ஆத்துல உட எனக்கு மனசு வல்லை. சித்திரைக்கு அப்பறம் பவானி போறப்ப உட்டுக்கலாம்னு சாமி அலமாரியில மஞ்ச டப்பாவுக்குள்ள வெச்சு மூடி வெச்சோம்.

அதுக்கு அடுத்த ஞாயிறு. அவ குளிக்கப் போயிருந்தா. அம்மிணி என்னைப் பாத்துட்டு உக்காந்திருந்துச்சு. ஒரு வருசமாப் பொம்மை வாங்கிப் போட்டவன், எங்கிட்ட ஒரு நாளாச்சும் வெளையாடக் கூடாதான்னு ஒரு ஆத்தாமை. எனக்கு என்ன தோணுச்சோ, எந்திரிச்சுப் போய் டப்பாவத் தொறந்து அந்தப் பழைய கயித்தை எடுத்தேன்.

என்னங்கண்ணா அப்படிப் பாக்கறீங்க? பழசுங்க அது. புதுசு கழுத்துல ஏறுன ஒடனே பழசுல ஒண்ணுமில்லை, வெறும் நூலு. எங்கம்மாவே சொல்லியிருக்காங்க.

ஆட்டிக் காட்டுனேன். வந்துச்சுங்க. அம்மிணி எங்கிட்ட வந்துச்சு. தட்டுது, பதுங்குது, தாவுது, எம்மடியில உழுந்து பொரளுது. நான் சிரிச்சேன். உண்மையச் சொல்றேன், அந்தப் பத்து நிமிசம் மாதிரி நான் சந்தோசமா இருந்ததில்லை. அப்பப் போன் அடிச்சுது, கம்பெனியில இருந்து. கயித்தைக் கட்டல்ல வெச்சுட்டு வாசக்கதவுகிட்டப் போய்ப் பேசுனேன். ஏத்துமதி சரக்குல ஒரு பிரச்சினை, பேச்சு நீண்டு போச்சு. வந்து பாத்தாக் கயித்தைக் காணோம். கட்டலுக்கு அடியில பாத்தேன், தலவாணியத் தூக்கிப் பாத்தேன். அம்மிணி சன்னலோரத்துல உக்காந்து மீசைய நக்கிட்டிருந்துச்சு. கோகிலா தலையத் தொவட்டிட்டு வந்தா. டப்பா மூடிய மூடி வெச்சுட்டு நான் பேப்பர் படிச்சேன்.

சொல்லியிருக்கலாம். சொல்லியிருப்பேன். ஆனா எடுத்தது எதுக்குன்னு கேப்பா இல்லீங்க?

திங்கக்கெழமை பூனை கக்குச்சு. செவ்வாக்கெழமை பால் வெச்சா மோந்துகூடப் பாக்கலை. வயித்தை இழுத்துக்கிட்டு மூலையில உக்காந்துக்குச்சு. நான் கம்பெனில இருக்கறப்ப மூணு தாட்டி போன் பண்ணுனா, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகோணுங்க, வந்து கதவைத் தொறங்கன்னு. வேலைய உட்டுட்டு வர முடியுங்களா? சூடு, அதான் கக்குது, பொழுதோட வந்து பாக்கறேன்னேன். வந்தப்ப மணி ஒம்பதரை. ஆஸ்பத்திரி இருக்குமா அப்ப?

புதங்கெழமை விடியால அவதான் பாத்தா. பூனைக்குப் பின்னால, வாலுக்கு அடியில, மஞ்சளா ஒரு நூல் நுனி தொங்குது. நாலு விரக்கடை இருக்கும். அவ அதைப் பாத்தா, சாமி அலமாரியப் பாத்தா, என்னையப் பாத்தா. போனை எடுத்துக் கால்நடை டாக்டரம்மாவுக்கு அடிச்சா. ஸ்பீக்கர்ல போட்டிருந்ததுல எனக்கும் கேட்டுச்சு. டாக்டரம்மா தெளிவாச் சொன்னாங்க, இழுக்கவே இழுக்காதீங்க, உள்ள கொடலோட சுத்தியிருக்கும். தொங்கறதைக் கத்திரிக்கோல்ல வெட்டி உட்டுப்போட்டு, அந்த நிமிசமே தூக்கிட்டு வாங்கன்னு.

அவ கத்திரிக்கோல் தேடுனா. அதுக்குள்ள நான் எடுத்து அவளுக்கு எட்டாத அட்டாலி மேல போட்டுப்போட்டேன்.

நீங்களே ரோசிங்கண்ணா. தாலிக்கயித்தை எப்ப வெட்டுவாங்க? எப்ப அறுப்பாங்க? வாயில சொல்லவே கூசுது. அதுவும் நாப்பத்திரெண்டாவது வருசத்துல, கயித்தால கண்டம்னு எழுதியிருக்கறப்ப, என் கண்ணு முன்னால, எங்கூட்டுக்காரி கையால, கத்திரிக்கோல்ல! அவ சொன்னா, பழசுதானேங்க அது, கழுத்துல இருக்கறதா அதுன்னு. வெளையாடறதுக்கு வேணா அது பழசுங்க. வெட்டறதுக்குப் பழசாகுமா? அது வேற, இது வேற. உங்களுக்குப் புரியுது, அவளுக்குப் புரியலை.

அதுவே வெளிய வந்துட்டிருக்குது, மொள்ள இழுத்தா முழுசா வந்துரும், அறுபடாம வந்துரும்னுதான் நான் புடிச்சேன். மொள்ளத்தான் இழுத்தேன். ஒரு சாண் வந்துச்சு. பூனை போட்ட சத்தத்துல கீழ் ஊட்டுக்காரங்க மேல வந்துட்டாங்க. கோகிலா எங்கையப் புடிச்சா, கடிச்சே போட்டா, இதா பாருங்க தழும்பு. நான் தள்ளி உட்டேன், அடிக்கலை, தள்ளித்தான் உட்டேன். பீரோ முனை நெத்தியில பட்டுருச்சு. அதுக்கு அப்பறம் ரெண்டே ரெண்டு தையல்தான் போட்டாங்க. பத்து வருசத்துல அது ஒண்ணுதான், அதுவும் நான் வேணும்னு பண்ணலை.

ஆட்டோவுல கொண்டு போனோம். நெத்தியில ரத்தம் வழிய அவ பூனைய முந்தானைல சுத்தி மடியில வெச்சிருந்தா. டாக்டரம்மா தொட்டுப் பாத்ததும், ஆரு இழுத்தது இதைன்னாங்க. தானாவே வந்துச்சுன்னேன். அவங்க என்னைப் பாக்கலை, கோகிலா நெத்தியத்தான் பாத்தாங்க. வயித்தைத் தொறந்தாங்க. அதுக்கு உள்ள தூக்கிட்டுப் போறப்ப நான் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன், டாக்டர், அந்தக் கயித்தை மட்டும் வெட்டாம எடுக்க முடியுங்களான்னு. அந்தம்மா கதவைச் சாத்திட்டுப் போயிட்டாங்க. பெரிய படிப்புப் படிச்சவங்க, இதெல்லாம் எங்க தெரியும்?

கொடல் அறுந்து போச்சுன்னாங்க. நூலு ரம்பம் மாதிரி அறுத்துப்போட்டுதாம். மத்தியானம் சோத்து நேரத்துக்கெல்லாம் போயிருச்சு. பூனைக்கு வெளையாட்டு, எலிக்குச் சீவன் போகுதும்பாங்க. இங்க பூனைக்கே சீவன் போச்சு. கயிறு வந்துச்சுங்க, மூணு துண்டா. கேட்டு வாங்கி மடிச்சு வெச்சிருக்கேன், இந்தக் கால்சட்டைப் பாக்கெட்டுல இருக்குது. அந்த மூணு துண்டைப் பாத்ததுல இருந்து எனக்குத் தூக்கமில்லை. ஆருக்குங்க வெசனம் இல்லை? அவளுக்கு மட்டுமா வெசனம்?

ஊட்டுக்குப் பின்னால காலி எடத்துல அவளே குழி தோண்டுனா. மம்பட்டி இல்லை, சோத்துக் கரண்டியில தோண்டுனா. நான் தோண்டறேன்னேன், உடலை. மூடி மண்ணைத் தட்டிட்டு மேல வந்து, கைகாலக் கழுவிட்டு, டப்பா மூடியிருந்துச்சே, ஆரு தொறந்தாங்கன்னு கேட்டா. பூனை தாவி எடுத்திருக்கும்னேன். அவ தலைய ஆட்டுனா. அப்பறம் ரெண்டு கையாலயும் கழுத்துல கெடந்த புதுக் கயித்தைத் தலை வழியாத் தூக்கி, எங்கையில வெச்சா.

அவ சொன்னதை அப்படியே சொல்றேன். "அம்மிணி உசுரு போனாப் போகுது, இது அறுபடக் கூடாதுன்னீங்க. இந்தாங்க, அறுக்காமக் குடுத்திருக்கேன். பத்தரமா வெச்சுக்கோங்க. இனி இது உங்களுக்குத்தான் வேணும்."

அழுகலைங்க. அதான் எனக்குத் தெம்பு. கோவம் இருந்தா அறுத்து எறிஞ்சிருப்பா இல்லீங்க? கழட்டித்தான் குடுத்தா, ஒரு முடிச்சுகூட அவுக்கலை. நான் போட்ட மூணு முடிச்சும் அப்படியே இருக்குது. மேல் பாக்கெட்டுல வெச்சிருக்கேன், தொட்டுப் பாத்துக்கிட்டே வாறேன். அப்ப மனசுல இன்னும் எடம் இருக்குதுன்னுதானே அர்த்தம்? என்னங்கண்ணா, சொல்லுங்க.

அன்னிக்குப் பொழுதோடயே படியெறங்கிப் பவானிக்கு வண்டி ஏறிட்டா. நானும் உடலைங்க. நாளுக்கு நாலு தாட்டி போன் பண்றேன். எடுக்க மாட்டேங்கறா. மச்சான் நல்லசிவம் ஒரு நாள் எடுத்தான். அவ அங்க ஒரு தையல் கடையில மிசின் ஓட்டறாளாம். காலைல நடந்தே போயிட்டு நடந்தே வாறாளாம். நல்லாத்தான் இருக்கறா மாமா, சிரிக்கறா, நீங்க வந்து கெடுத்துப் போடாதீங்கன்னான். சின்னப் பையன், என்ன பேசறதுன்னு தெரியலை. நான் வேண்டாம்னு நிறுத்துன மிசின் முன்னால மறுக்காவும் கொண்டி உக்கார வெச்சுட்டு, சிரிக்கறாளாம்.

ரோசிச்சுப் பாத்தேன். அவளுக்குக் கொறை பூனைதானே? அப்பப் பூனையக் குடுத்தாத் தீந்து போச்சு. அதே குடோன், அதே தாய்ப்பூனை, அதே சாம்பக் கலரு. தேடிப் புடிக்கறதுக்குள்ள எங்கையெல்லாம் கீறல். பொம்மையெல்லாம் சேத்து எடுத்துட்டேன். பூட்டுக்குக்கூட இன்னொரு சாவி போடறதாத்தான் இருக்கேன், சித்திரை தாண்டட்டும். ஊட்டுல போய் நிப்பேன், பொட்டியக் கையில குடுப்பேன், கயித்தை மறுக்காக் கட்டி உடுவேன். இந்த மூணு துண்டையும் அவகிட்டக் குடுத்து ஆத்துல உட்டுட்டு வரச் சொல்லுவேன். நான் ஆத்துப் பக்கம் போகலை, அவ போயிட்டு வரட்டும். கண்டம் எனக்குத்தானே.

அதான் உங்களைக் கேக்கறேன். மேட்டூருக்கு இன்னொரு வண்டி பொறத்தாலயே வரும். பத்து நிமிசம் எங்கூட எறங்குங்க. ஒண்ணும் பேச வேண்டாம், நான் சொல்றப்ப ஆமான்னு தலைய ஆட்டுனாப் போதும். இத்தனை பொம்மை வாங்கிப் போட்டவன் கெட்டவனா இருப்பானான்னு ஒரு வார்த்தை. அந்நியர் சொன்னாக் கேப்பா.

சித்தோடு தாண்டியாச்சா? வந்தாச்சுங்க, இனிப் பக்கந்தான். குட்டி சத்தத்தையே காணோம் பாருங்க. ஊத்துக்குளி வரைக்கும் கத்திட்டே வந்துச்சு. தூங்குதோ என்னமோ. துண்டை எடுக்கறேன், சித்தெப் புடிங்க.

அட. இதென்ன வாயில.

நூலுங்கண்ணா. கோழி இறகு கெடக்குது, குச்சி கெடக்குது, நடுவால இருந்த நூலைத் தின்னுட்டிருக்குது. பாதி உள்ள போயிருச்சு. ஏய், துப்பு, துப்பு. இல்லை இல்லை, நீங்க இழுக்காதீங்க, தொடவே தொடாதீங்க. இழுக்கக் கூடாது, எனக்குத் தெரியும். டாக்டரம்மாவே சொன்னாங்க. வெட்டோணும். பிளேடு இருக்குதுங்களா? கத்திரி, நகவெட்டி, எதாச்சும்? குடுங்க, குடுங்க. இது வெறும் நைலான் நூலு, தாராளமா வெட்டலாம், இதுல தோசம் ஒண்ணுமில்லை. வாயை மட்டும் புடிச்சுக்கங்க.

அவ்வளவுதான். பாத்தீங்களா, ஒரே வெட்டு. எவ்வளவு சுளுவா ஆயிருச்சு.

உள்ள போனதா? ஒரு சாண், ஒண்ணரைச் சாண் இருக்கும். அது தானா வந்துரும். ஆஸ்பத்திரியா? பவானியிலயே இருக்குதுங்களா? அதெல்லாம் நாளைக்குப் பாத்துக்கலாமுங்க. இன்னிக்கு நாள் நல்லாருக்குது, நல்ல நேரம் மூணரை வரைக்குந்தான். மொதல்ல அவ கையில இதைக் குடுக்கோணும். இந்தத் தடவை நான் இழுக்கலை, வெட்டிப்போட்டேன்னு சொல்லோணும். நீங்க கண்ணால பாத்தீங்க, நீங்கதான் சாட்சி.

ஸ்டாண்டு வந்துருச்சு, எந்திரிங்க. ஏனுங்கண்ணா, அப்படியே உக்காந்துட்டீங்க? பொட்டிய எதுக்குப் புடிச்சுக்கிட்டு உட மாட்டேங்கறீங்க? உடுங்கண்ணா, அது எம்பூனை.